மூன்று கிலோ

பேருந்துப் பணிமனையின் பின்பக்கம், பழைய டயர்களை அடுக்கி வைத்திருக்கும் சுவரை ஒட்டி, நீளமாக ஒரு தகரக் கூரைக் கட்டடம் இருந்தது. அதுதான் பளு தூக்கும் கூடம். உள்ளே இரண்டு மரமேடைகள்: வாசல் பக்கம் ஒன்று, சன்னல் பக்கம் ஒன்று. ஒவ்வொரு மேடைக்கும் தனியாக ஒரு கம்பி, தனியாக ஒரு செட் தட்டுகள். அங்கே பயிற்சி கொடுத்தவளை எல்லோரும் கோச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்து மூன்று வயது. ஒரு காலத்தில் அவளும் தூக்கியவள்தான். அதன் மிச்சமாக முழங்கால் இரண்டும் மழை வருவதற்கு ஒருநாள் முன்னதாகவே சேதி சொல்லிவிடும். கோபம் வந்தால் கத்த மாட்டாள், குரல் தணிந்துவிடும். "கோச்சக்கா மெல்லப் பேசினா கிட்ட நிக்காதே" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லி வைப்பார்கள்.

ஐம்பத்தொன்பது கிலோ உடல் எடைப் பிரிவில் அவளிடம் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி அதே பணிமனையில் கண்டக்டர். இருபத்தாறு வயது, நல்ல உயரம், வாய் ஓயாது. எட்டு மணி நேரம் பேருந்துக்குள் நின்றுவிட்டு நேரே கூடத்துக்கு வந்து, சீருடையை மாற்றும்போதே அன்றைக்குப் பயணிகளோடு நடந்த சண்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். இன்னொருத்தி தையல்காரி. முப்பத்தொரு வயது, ஒரு பெண் குழந்தைக்குத் தாய். தன் உடம்பைப்போல ஒன்றரை மடங்கு எடையைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டுச் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போவதால் எறும்பு என்று பேர் வந்துவிட்டது. அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதும் இல்லை, சிரித்ததும் இல்லை.

கண்டக்டர் ஜெர்க்கில் தொண்ணூற்றேழில் நின்றுபோய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. ஜெர்க் என்றால் தரையிலிருந்து தோளுக்கு ஓர் இழுப்பு, தோளிலிருந்து தலைக்கு மேலே ஒரு தள்ளு. இழுப்பு வந்துவிடும், தள்ளும் நேரத்தில் ஏதோ ஒன்று அவளுக்குள் பின்வாங்கும். கோச்சக்கா செய்யாத வைத்தியம் இல்லை. கம்பியை முன்தோளில் தாங்கிக் குந்தி எழும் பயிற்சியை வாரம் மூன்று முறையாக்கினாள். இடுப்பளவு உயரத்துக் கட்டைகளின் மேல் கம்பியை வைத்துத் தள்ளவிட்டாள். ஒரு வாரம் சுமையைப் பாதியாக்கி ஓய்வு கொடுத்தாள். எதற்கும் அந்தத் தொண்ணூற்றேழு அசைந்து கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வாசல் மேடையின் சிவப்புத் தட்டு ஜோடி ரப்பர் வெடித்துப் பழுதாயிற்று. சிவப்பு என்றால் ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ. வெடித்த ரப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது ரப்பர் ஒட்டித் தரச் சொல்லி டயர் பட்டறைக்கு அனுப்பினார்கள். பளபளவென்று திரும்பி வந்தது. அது வந்த இரண்டாம் நாள் கண்டக்டர் நூறு கிலோவைத் தூக்கினாள்.

கூடமே கூத்தாடியது. நூறு கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்திய பெண் அந்தக் கூடத்தில் அதுவரை ஒருத்தியும் கிடையாது. கோச்சக்காவும் தன் காலத்தில் தொண்ணூற்றாறோடு நின்றவள். சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் கண்டக்டரின் பேருக்கு நேராக 100 என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டாள். அன்று சாயங்காலம் பளு தூக்கும் சங்கச் செயலாளர் வேறு எதற்கோ தொலைபேசியில் பேசினார். "நம்ம பொண்ணு நூறு போட்டுட்டா சார்" என்று கேளாமலே சொன்னாள். அவர் "அப்படியா, பலே" என்றபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆனால் கம்பியைக் கீழே போட்டபோது வந்த சத்தம் அவள் காதிலேயே நின்றது. இருபது வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம் அல்ல அது. கொஞ்சம் எகிறியது, கொஞ்சம் லேசாக இருந்தது.

அவள் கணவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை வைப்பதும், எடையில் கை வைக்கிறவர்களைப் பிடிப்பதும்தான் உத்தியோகம். வீட்டு அலமாரியில் எப்போதும் ஒரு கொக்கித் தராசு கிடக்கும்.

"இதை இன்னிக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

"எடுத்துக்கோ. எதுக்கு?"

"சும்மா, ஒரு சந்தேகம்."

மறுநாள் விடியற்காலை, யாரும் வருவதற்கு முன்னால், அவள் அந்தச் சிவப்புத் தட்டுகளைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டாள். இருபத்து மூன்றரை. அடுத்ததும் இருபத்து மூன்றரை. இரண்டு தட்டுக்கும் சேர்த்து மூன்று கிலோ குறைவு. கண்டக்டர் தூக்கியது நூறு அல்ல, பத்து மாதமாகத் தூக்கி வந்த அதே தொண்ணூற்றேழு.

வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் கண்டக்டர் அன்றைக்கு வந்து நின்ற தோரணையே வேறாக இருந்தது. தோள் விரிந்திருந்தது. "அந்தக் கம்பி இனிமே என்னைப் பார்த்துப் பயப்படணும் கோச்சக்கா" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். கோச்சக்காவும் சிரித்தாள். சிரித்த வாயால் அதைச் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள்.

பளு தூக்கும் கூடங்களில் பழைய தந்திரம் ஒன்று உண்டு. தூக்குகிறவரிடம் எடையைக் குறைத்துச் சொல்லிவிட்டுக் கூடுதலாக மாட்டுவார்கள். தூக்கிய பிறகு உண்மையைச் சொல்வார்கள். பாதிப் பலம் நம்பிக்கையில்தான் இருக்கிறது என்பது எல்லாக் கோச்சுக்கும் தெரியும். கோச்சக்கா அதைத் தனக்கு ஏற்றமாதிரித் திருப்பிக்கொண்டாள். இதுவும் ஒரு மருந்துதானே? மூன்று வாரத்தில் இந்த நம்பிக்கையே அவளை நிஜமான நூறுக்குக் கொண்டு போய்விடும், அப்போது தட்டை மாற்றிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்படி நினைத்தபோது மனசு சமாதானமாகத்தான் இருந்தது. ஆனால் இதை ஏன் கணவரிடம் சொல்லவில்லை என்று மட்டும் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. தராசைத் திரும்ப வைத்தபோது, "சந்தேகம் தீர்ந்துதா?" என்றார். "தீர்ந்துது" என்றாள்.

மூன்று வாரம் ஐந்தாயிற்று. பயிற்சி அட்டவணை முழுவதும் அந்தப் பொய் நூறை அடியாக வைத்து எழுதியது: திங்கள் அதில் எழுபது சதவீதம், வியாழன் எண்பத்தைந்து. அந்தக் குறைந்த சுமைகளுக்குச் சிவப்புத் தட்டு வேண்டாம், சின்னத் தட்டுகளே போதும், அவற்றில் பொய் கிடையாது. ஆகவே அந்த நாட்களில் கண்டக்டருக்குத் தாங்கும் அளவைவிடக் கூடுதல் சுமை ஏறியது. முழங்கால் வலிக்கிறது என்றாள். நூறு கிலோ தூக்குகிறவளுக்கு இது ஒரு சுமையா என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். கோச்சக்கா ஐஸ் கட்டியை எடுத்துக் கொடுத்தாள், அட்டவணையைத் திருத்தவில்லை. திருத்தினால் காரணம் சொல்ல வேண்டும்.

ஆறாவது வாரம் தேர்வு. பெரிய போட்டிக்கு ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வொரு கூடமும் ஒருவரைத்தான் அனுப்பலாம். ஸ்னாட்ச், அதாவது ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது, அதில் கண்டக்டருக்கும் எறும்புக்கும் எப்போதும் சரிசமம், எழுபத்தாறு. ஆகவே ஜெர்க்தான் தீர்மானிக்கும். எறும்பு சன்னல் மேடைக்காரி, அங்கே தட்டுகள் சரியான எடை. கோச்சக்கா முதல்நாள் ஒரு முடிவு செய்திருந்தாள்: இரண்டு பேரும் சன்னல் மேடையிலேயே தூக்கட்டும், உள்ளது உள்ளபடி தெரிந்துவிடும், பாவமும் அத்தோடு கழியும். காலையில் சிவப்புத் தட்டு இரண்டையும் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரம் சாய்த்தும் வைத்தாள்.

உடம்பைச் சூடுபடுத்தும்போது கண்டக்டர் தொண்ணூற்று இரண்டைத் தவறவிட்டாள். கம்பியைப் பார்த்தாள், கைகளைப் பார்த்தாள், அப்புறம் கோச்சக்காவைப் பார்த்தாள். ஆறு வாரமாக முகத்திலிருந்த வெளிச்சம் அணைவது கண்ணுக்கு நேராகவே தெரிந்தது.

"இந்த மேடை எனக்கு ஒத்துவரல கோச்சக்கா. என் மேடையிலயே தூக்கட்டுமா?"

"சரி, போ."

பிற்பாடு எத்தனையோ முறை கோச்சக்கா தனக்குத் தானே வழக்காடிப் பார்த்தாள். தட்டு எடை குறைந்தது தன் குற்றமில்லை. முதல் சில நாள் சொல்லாமல் விட்டது பலவீனம். ஆனால் 'சரி, போ' என்ற அந்த இரண்டு சொல்லுக்கும், அதற்குப் பிறகு தானே குனிந்து சிவப்புத் தட்டுகளை வாசல் மேடைக்கு உருட்டிக்கொண்டு போன அந்தப் பத்தடி தூரத்துக்கும் அவளிடம் பதில் இல்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. யோசிக்க நேரம் இல்லாமலும் இல்லை. உருட்டும்போது ரப்பர் மரத்தில் உரசிய சத்தம்கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

எறும்பு தொண்ணூற்றெட்டு தூக்கினாள். மூன்றாவது முயற்சியில் நூற்றொன்று கேட்டாள். தோள்வரை வந்து நழுவிவிட்டது. கண்டக்டர் நூறு தூக்கினாள். பலகையில் எழுதியாயிற்று. எறும்பு கைகளிலிருந்த வெள்ளைப் பொடியைத் துணியில் துடைத்துக்கொண்டே பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி கோச்சக்கா. பாப்பாவுக்கு ஸ்கூல் விடுற நேரம், நான் கிளம்புறேன்."

"அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றாள் கோச்சக்கா. முப்பத்தொரு வயதுக்காரியிடம் அதைச் சொல்லும்போது நாக்கு கூசியது.

அதைவிடக் கூசியது மறுநாள். போட்டிக்குப் போகிறவளுக்குத் தட்டு மாட்டி இறக்க ஆள் வேண்டுமே என்று எறும்பு தன் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் தானாக வந்தாள். மூன்று வாரம் வந்தாள். வாசல் மேடையில் ஒரு பக்கம் கோச்சக்கா, மறுபக்கம் எறும்பு. சிவப்புத் தட்டை ஆளுக்கொன்றாக எடுத்து மாட்டினார்கள். அந்த மூன்று வாரமும் கோச்சக்கா அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை; குனிந்து கம்பியின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டி வேறு ஊரில். பெரிய உள்ளரங்கம், புதுத் தட்டுகள், ஒவ்வொன்றும் கிராம் பிசகாமல் சோதித்தவை. ஸ்னாட்சில் கண்டக்டர் எழுபத்தாறைச் சுத்தமாகத் தூக்கி மூன்றாம் இடத்தில் இருந்தாள். ஜெர்க்கில் முதல் முயற்சிக்கு எவ்வளவு என்று அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். சூடுபடுத்தும் அறையில், பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கோச்சக்கா பேனாவைத் திறந்தாள்.

"தொண்ணூத்து மூணுல ஆரம்பிப்போம்."

"என்ன கோச்சக்கா, அது பச்சைப் பிள்ளைங்க வெயிட்டு. தொண்ணூத்தேழு போடுங்க. நூறுக்கு மூணு கம்மி, கண்ணை மூடிட்டுத் தூக்குவேன்."

"முதல் தடவை பத்திரமா இருக்கட்டும்னு பார்க்கிறேன்."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

கோச்சக்கா தொண்ணூற்றேழு என்று எழுதினாள். எழுதிய கை அவளுடையதுதான்.

முதல் முயற்சியில் கம்பி தோளுக்கு வந்தது. தள்ளியது முன்பக்கம் போய் விழுந்தது. இரண்டாவதில் தோளில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே கால் நடுங்கியது, தள்ளவே முடியவில்லை. கண்டக்டர் உள்ளே வந்து, "இங்க வெயிட்டு ஏன் இப்படிக் கனக்குது?" என்று கேட்டாள். குழந்தை கேட்பதுபோல் கேட்டாள். கோச்சக்கா அவள் முதுகில் தட்டி, "குதிகாலை ஊன்றி நில்லு, அவசரப்படாதே" என்றாள். வேறு என்ன சொல்வது? மூன்றாவது முறை கம்பியோடு குந்தியவள் எழுந்திருக்கவில்லை. அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மூன்று முயற்சியும் வீணானால் ஸ்னாட்சில் தூக்கியதும் கணக்கில் வராது. பேருக்கு நேராக ஒரு கோடு மட்டும் போட்டார்கள்.

செயலாளர் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தார். அது கோச்சக்காவுக்கு உறைக்கவில்லை. உறைத்தது வேறு. திரும்பி வரும் பேருந்தில் கண்டக்டர் சன்னலோரம் உட்கார்ந்து, வெகுநேரம் வாய் திறக்காமல் வந்தாள். அவள் அப்படி இருந்து யாரும் பார்த்ததில்லை. பாதி வழியில், பகல் வெயில் மடியில் விழுந்துகொண்டிருக்க, தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"மன்னிச்சுடுங்க கோச்சக்கா. உங்க பேரைக் கெடுத்துட்டேன். வீட்ல புலி, வெளியில எலின்னு சொல்லுவாங்களே, அது நான்தான். எறும்பக்காவை அனுப்பியிருந்தா மெடலே வந்திருக்கும்."

இதைக் கேட்டபிறகும் கோச்சக்கா, "விடு, விடு" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் தோளைத் தொடக் கை போனது, பாதியிலேயே மடக்கிக்கொண்டாள். தொடத் தனக்கு அருகதை இல்லை என்று தோன்றியது.

அதன்பிறகு கண்டக்டர் பயிற்சிக்கு வரவில்லை. எட்டு நாள் ஆயிற்று. எட்டாம் நாள் சாயங்காலம் கோச்சக்காவின் கணவர் சாப்பிட உட்கார்ந்து, தராசுத் தட்டுக்கு அடியில் காந்தத்தை ஒட்டி வைத்திருந்த ஒரு காய்கறிக் கடைக்காரனைப் பிடித்த கதையைச் சொன்னார். வழக்கமாக அவள் நடுநடுவே கேள்வி கேட்பாள். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். திடீரென்று எல்லாவற்றையும் சொன்னாள். தட்டு, தராசு, தேர்வு, போட்டி, பேருந்தில் கேட்ட மன்னிப்பு, ஒன்று விடாமல்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கடைக்காரங்க எல்லாரும் எங்கிட்டச் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், தெரியாம நடந்துபோச்சு சார்னு. நான் உடனே எப்ப தெரிஞ்சுதுன்னு கேப்பேன். அதுக்கு யாரும் பதில் சொன்னதில்ல." ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். "நீயாவது சொல்லிட்டே. ஆனா சொல்ல வேண்டிய இடம் இது இல்லையே."

அவளுக்கும் அது தெரியும்.

மறுநாள் கண்டக்டரின் பேருந்து எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்று பணிமனையில் விசாரித்துக்கொண்டு, கடைசி நிறுத்தத்துக்குப் போய்க் காத்திருந்தாள். பேருந்து வந்து நின்று எல்லோரும் இறங்கினார்கள். டிரைவர் டீ குடிக்கப் போனார். கண்டக்டர் முன் இருக்கையில் உட்கார்ந்து படிவத்தில் எதையோ நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன கோச்சக்கா, இந்தப் பக்கம்?" என்று எழுந்தாள். "வரக்கூடாதுன்னு இல்ல. கம்பியை நினைச்சாலே கை உதறுது. இந்தப் பயந்தாங்கொள்ளியை வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"நீ பயப்படல. உட்காரு." கோச்சக்கா நின்றுகொண்டே சொன்னாள். "அந்தச் சிவப்புத் தட்டு ரெண்டும் எடை கம்மி. ரெண்டுத்துக்கும் சேர்த்து மூணு கிலோ. நீ நம்ம கூடத்துல தூக்கினது நூறு இல்ல, தொண்ணூத்தேழு. அங்க நான் எழுதிக் கொடுத்தது உன் உச்ச வெயிட்டு. அதைப்போய் முதல் முயற்சியா யாரும் தூக்க மாட்டாங்க."

கண்டக்டர் முதலில் சிரித்தாள், ஏதோ வேடிக்கை என்பதுபோல. அப்புறம் சிரிப்பு நின்றது.

"பட்டறைக்காரன் ஏமாத்திட்டானா?"

"அவன் ஏமாத்தல. நான்தான். நீ முதல்ல தூக்கின மறுநாளே எடை போட்டுப் பார்த்துட்டேன்."

"தேர்வு அன்னிக்கு?"

"தெரியும்."

"நான் என் மேடைக்குப் போகட்டுமான்னு கேட்டப்போ?"

"தெரியும்."

பேருந்தின் சன்னல் வழியாக வெளியே யாரோ, "வண்டி எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டார்கள். கண்டக்டர், "அஞ்சு நிமிஷம்" என்று பதில் சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு கோச்சக்காவின் பக்கம் திரும்பினாள்.

"எட்டு நாளா என் அம்மா எங்கிட்டப் பேசவே பயப்படுறாங்க. ராத்திரி பகலா நான் அழுதுட்டே இருந்தேன், எனக்கு மனசுல தெம்பு இல்ல, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு. உங்களுக்கு அது உண்மை இல்லன்னு தெரியும். பஸ்ல நான் மன்னிப்புக் கேட்டப்போகூட நீங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தீங்க."

கோச்சக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கால் கட்டைவிரல் பேருந்தின் தகரத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"எறும்பக்காகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அங்கதானே முதல்ல போயிருக்கணும். இறங்குங்க, வண்டி எடுக்கப் போறோம்."

தையல் கடை பணிமனையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. எறும்பு பள்ளிச் சீருடைகளுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். கோச்சக்கா வந்ததைப் பார்த்ததும் ஸ்டூலின் மேலிருந்த துணிகளை எடுத்துவிட்டு இடம் ஒதுக்கினாள். கோச்சக்கா உட்காரவில்லை. பேருந்தில் சொன்னதையே இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். சொல்லி முடித்து, "உன் இடத்தை நான் எடுத்து அவளுக்குக் கொடுத்துட்டேன்" என்றாள்.

எறும்பு தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

"தட்டு கம்மின்னு எனக்குத் தெரியும் கோச்சக்கா."

கோச்சக்காவுக்கு முதலில் விளங்கவில்லை.

"தேர்வு முடிஞ்சு உதவிக்கு வந்தேனே, முதல்நாள் கையில எடுத்ததுமே தெரிஞ்சுது. பன்னெண்டு வருஷமா மாட்டுற தட்டு, கைக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"தோத்தவ சொன்னா அது பொறாமையா போயிடும். அவ வேற சந்தோஷமா இருந்தா." எறும்பு ஊசியில் நூலைக் கோக்கப் போனாள், கோக்கவில்லை. "அப்புறம், நீங்களும்தானே அந்தப் பக்கம் மாட்டுனீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா நீங்களே சொல்லிருப்பீங்க. சொல்லலேன்னா உங்களுக்குத் தெரியலன்னு நினைச்சேன். முழங்கால் வலியில கோச்சக்கா கவனிச்சிருக்க மாட்டாங்கன்னு வீட்லகூடச் சொன்னேன்."

பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று சொல்வார்களே, அதை அதுவரை கோச்சக்கா வெறும் பேச்சென்றுதான் நினைத்திருந்தாள். கம்பியின் ஒரு நுனியில் எல்லாம் தெரிந்தவளும் மறுநுனியில் எல்லாம் தெரிந்தவளுமாக மூன்று வாரம் நின்றிருக்கிறார்கள். ஒருத்தி மற்றவளின் யோக்கியதையை நம்பி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். முகம் சுடச்சுட அவள் அந்த மாடிப்படியின் கீழ் நின்றாள். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அதைக் கேட்பதும் இன்னொரு பேராசைபோல் இருந்தது.

"நீங்க உட்காருங்க கோச்சக்கா, முகமெல்லாம் வேர்க்குது" என்றாள் எறும்பு. அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அன்றே கோச்சக்கா கூடத்துக்குப் போய்ப் பலகையிலிருந்த 100 என்ற எண்ணை ஈரத்துணியால் துடைத்தாள். வந்திருந்த எல்லோருக்கும் முன்னால் தட்டுகளை எடை போட்டுக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். கணவர் படித்துப் பார்த்துவிட்டு, "'எனக்குத் தெரிந்த பிறகும்'னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோ" என்றார். சேர்த்தாள். சங்கம் ஆறு மாதத்துக்கு அவள் பயிற்சி கொடுக்கக் கூடாது என்றது. செயலாளர் தொலைபேசியில், "நீங்களா இப்படி?" என்று மட்டும் கேட்டார்.

எறும்பு நகரத்தின் மறுகோடியிலிருந்த இன்னொரு கூடத்தில் சேர்ந்தாள். சொல்லிக்கொண்டுதான் போனாள், பன்னிரண்டு வருடம் இடுப்பில் கட்டிய பெல்ட்டைச் சன்னல் மேடையின் கொக்கியிலிருந்து எடுத்து மடித்துப் பையில் வைத்தபடி, "அங்க பாப்பா ஸ்கூல் பக்கம்" என்றாள். அவள் சொன்ன பள்ளிக்கூடம் பணிமனைக்குத்தான் பக்கம் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

கண்டக்டர் மூன்று மாதம் கழித்துக் கூடத்துக்குத் திரும்பினாள். கோச்சக்காவின் தடை முடிந்து அவள் மறுபடி வேலையில் சேர்ந்த அன்று, கண்டக்டர் அவளிடம் வந்து, "எண்பத்தெட்டுல இருந்து ஆரம்பிக்கலாமா மேடம்?" என்று கேட்டாள். கோச்சக்கா அட்டவணையைப் புதிதாக எழுதினாள். மாத முதல் திங்களன்று எல்லாத் தட்டுகளையும் எடை போட்டு உரக்கப் படிக்கும் வேலையைக் கண்டக்டரே எடுத்துக்கொண்டாள். அவள் படிக்கும்போது கோச்சக்கா எழுதிக்கொள்வாள். முன்போல் பயணிகள் கதை சொல்லிச் சிரிக்க வைப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆனால் கோச்சக்கா பக்கத்தில் வந்து நின்றால் கதை சற்றுச் சீக்கிரமாக முடிந்துவிடும்.

அடுத்த வருடப் போட்டி அவர்கள் ஊரிலேயே நடந்தது. ஐம்பத்தொன்பது கிலோ பிரிவுக்குக் கோச்சக்காவின் கூடத்திலிருந்து யாரும் இல்லை. கண்டக்டர் இன்னும் தொண்ணூற்று நான்கில் இருந்தாள், அவளாகவே இந்த முறை வேண்டாம் என்றாள். கோச்சக்கா சீட்டு வாங்கிக்கொண்டு பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தாள். எறும்பு வந்தாள். முதல் முயற்சி தொண்ணூற்று நான்கு, அடுத்தது தொண்ணூற்றேழு, இரண்டும் சுத்தம். மூன்றாவது தொண்ணூற்றொன்பது. இழுப்பு வந்தது, எழுந்தாள், தோளில் கம்பி ஒரு கணம் துள்ளியது. தள்ளினாள். முழங்கை பூட்டிக்கொண்டது. தூக்கு சரி என்று மூன்று நடுவர்களின் வெள்ளை விளக்கும் எரிந்தன. இரண்டாம் இடம்.

கோச்சக்கா தன் கைகள் தட்டிக்கொண்டிருப்பதை உணர்ந்தாள். பக்கத்து இருக்கையில் பேரனோடு வந்திருந்த ஒரு பெரியவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"தெரிஞ்ச பொண்ணா?"

"தெரியும்."

"நல்லா தூக்குறா. யாரு சொல்லிக் கொடுக்கிறாங்க?"

கீழே, மேடையின் ஓரத்தில், எறும்பின் தோளில் துண்டைப் போட்டுவிட்டு அவள் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த மனிதரைக் கோச்சக்கா கையை நீட்டிக் காட்டினாள்.

"அதோ நிக்கிறாரே, நீலச் சட்டை. அவர்தான்."